விபூதியில் தெரிந்த கோடு

எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது பெரிய வேலை இல்லை. காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போக வழி செய்து, அதை இன்னும் கொஞ்சம் நெருக்கி அமுக்கினால் சக்தி தானாகக் கூடும். கூடிய சக்தியை உள்ளே இருக்கிற இரும்பு தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஹட்டனில் என் வீட்டுக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பந்தயக் கார் ஒன்றுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த கனெக்டிங் ராடுகள். பஞ்சுக்குள் நகை மாதிரி படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ். இவ்வளவு எடை, இவ்வளவு குதிரை சக்தி தாங்கும், வெடிப்பு இல்லை என்று அச்சடித்திருந்தது. “ஐயா, ஒங்க காலத்துல இந்தக் காயிதம் எல்லாம் ஏது? எதப் பாத்துத் தெரிஞ்செடுத்தீங்க?” என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

தொழில் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். கீழே கிராங்க் சுற்றும். இரண்டையும் சேர்க்கிற கைதான் கனெக்டிங் ராட். பிஸ்டன் பக்கம் சின்னக் காது, கிராங்க் பக்கம் பெரிய காது. பெரிய காது இரண்டு துண்டாக இருக்கும். கிராங்கைக் கவ்விக்கொண்டு இரண்டு போல்ட்டில் நிற்கும்.

நான் பிறந்தது வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து ஒரு வருஷம் புல்லு வெட்டினேன். பிடிக்கவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் ஏறிக் கண்டிக்குப் போய் டயர் ஒட்டினேன். கம்பளையில் பேக்கரிக்கு விறகு பிளந்தேன், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், பதுளையில் பஸ் கழுவினேன். பஸ் கழுவிய இடத்தில்தான் எஞ்சினைத் திறந்து பார்க்கிற ஆசை பிடித்தது. அந்த நாளில் எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. சில இடத்தில் அனுப்பினார்கள், சில இடத்தில் நானே கிளம்பினேன். பட்டினி இருந்தது. எல்லாருக்கும் இருந்ததுதான், அதில் எழுத ஒன்றும் இல்லை. ரயில்வேயில் வேலை கேட்டபோது பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்றார்கள். நாற்பத்தெட்டாம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத் தமிழரான எங்களில் பெரும்பாலோரிடம் அது கிடையாது. ஐம்பத்தைந்து வாக்கில் ஹட்டனில் ஒரு கராஜில் பத்திரம் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்கள். அங்கே சேர்ந்தேன்.

அங்கே தலைமை மெக்கானிக் கருணாதாச. சிங்களத்தில் கைத்தொழில் தெரிந்த மூத்தவரை பாஸ் என்பார்கள். எங்களுக்கும் அவர் பாஸ்தான். ஒல்லியான ஆள், சாரத்துக்கு மேல் காக்கிச் சட்டை, வாயில் எப்போதும் வெற்றிலை. தோட்டங்களில் சுற்றிப் பழகிய தமிழ் பேசுவார். யாரையும் வையமாட்டார், எந்தச் சாமானையும் மோசம் என்று சொல்லவும் மாட்டார். கையில் எடுத்துப் பார்ப்பார். நல்லதென்றால் பெஞ்சில் வைப்பார். இல்லையென்றால் குனிந்து தரையில், தன் காலடியில் வைப்பார். தரைக்குப் போன சாமானை மறுபடி எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. தோட்டத்தை நிர்வகிக்கிற தொரைமாரே நேரில் நின்றாலும் அதுதான் தீர்ப்பு.

அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது. எஞ்சினைப் பிரித்துக் கட்டினால், உள்ளே போகிற சாமானைத் தெரிந்தெடுத்தவன் முதல் மலையேற்றத்தில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். லொறியானாலும் சரி, காரானாலும் சரி. நாங்கள் அதைக் கேலி செய்வோம். வெல்டிங் வேலை பார்த்த ராமையா அண்ணன், “நான் ஒட்ட மட்டுந்தான் ஒட்டுவேன், தெரிஞ்செடுக்கச் சொல்லாதீங்க, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்பார்.

நான் சேர்ந்து இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் சின்ன தொரை, அதாவது உதவி நிர்வாகி, தன் காரைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. தோட்டத்தில் வேலை வாங்கக் கற்ற தமிழை எங்களிடமும் பேசுவார். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன் என்றால் தொரைமார் மலைரோட்டில் கார் ஏற்றிப் பந்தயம் விடுவார்கள். அதற்கு இந்தக் காரின் சக்தியை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று கேட்டார். கார் உலகச் சண்டைக்கு முந்தியது. செய்த கம்பெனி அதற்கு ராட் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. பிஸ்டன் மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். உடப்புசல்லாவையில் பள்ளத்தில் உருண்ட அதே மாதிரிக் கார் ஒன்றை அவர் தேடிப்பிடித்து வாங்கி, எஞ்சினை மட்டும் கழற்றி லொறியில் அனுப்பிவைத்தார். ஆக நான்கும் நான்கும் எட்டு ராடுகள். எங்களுக்குத் தெரிந்து இந்த நாட்டில் இருந்தது அவ்வளவுதான்.

பாஸ் முதலில் எனக்குச் சொன்னது இதுதான்: “மாரி, தள்ளுறதுல ராட் ஒடயாது. இழுக்கிறதுலதான் ஒடயும்.” எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெட்ரோல் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ராட் அமுங்குகிறது; அதை இரும்பு தாங்கும். மேலே போன பிஸ்டன் அப்படியே பறந்துவிடப் பார்க்கும்போது ராட்தான் அதைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. சுற்றுகிற வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நாலு மடங்காகும். அது பிய்ந்தால் துண்டு எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மலைரோட்டில், பள்ளத்தின் ஓரத்தில், வளைவில், எண்ணெய் டயருக்கடியில் கொட்டும். ஓட்டுகிறவர் கதை அதோடு முடிந்தது. அந்த மாதிரி எஞ்சினுக்குப் போல்ட் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும், பிஸ்டன் புதிதாக இருக்க வேண்டும். ராட் மட்டும் பழையதில் நல்லதாக எடுப்பதைத் தவிர எங்களுக்கு வழி இல்லை.

எட்டையும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்தோம். மறுநாள் பஞ்சால் துடைத்தோம். பாஸ் ஒவ்வொன்றையும் கண்ணாடி வில்லையால் பார்த்தார். பிறகு சின்னக் காதில் கம்பி போட்டுக் கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டினார். எஞ்சின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, தெருப்பக்கக் கதவையும் சாத்தச் சொன்னார். நல்ல ராட் கோயில் மணி மாதிரிக் கொஞ்ச நேரம் இழுத்துப் பாடும். கெட்டது ‘டப்’ என்று நிற்கும். இரண்டு வளைந்திருந்தன, ஒன்று எண்ணெய் இல்லாமல் காய்ந்து நீலம் பூத்திருந்தது. மூன்றும் தரைக்குப் போயின. மிச்சம் ஐந்து. அவற்றைக் கடைவீதியில் இரவல் வாங்கிய தராசில் இரண்டு தட்டிலும் வைத்து, ஏறின தட்டில் தேயிலைத்தூளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு எடை பார்த்தோம். நான்கு ஏறக்குறைய ஒன்றாக நின்றன. ஐந்தாவது இரண்டு சிட்டிகை கனம். அதை ஒதுக்கி வைத்தோம்.

நான்கிலும் மிக நன்றாகப் பாடிய ஒன்றை பாஸ் மறுபடி மறுபடி தட்டிக் கேட்டார். “இதப் பாரு, கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போலாம் தானே” என்றார். அவர் ஒரு சாமானைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் ஆயுத பூஜை. கராஜில் அதை வருஷா வருஷம் செய்வோம். பாஸ் பௌத்தர், ஆனாலும் குளித்துவிட்டு வந்து, ஓரமாகக் கைகட்டி நின்று, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, எல்லாவற்றையும் கழுவிப் பலகையில் அடுக்கி, விபூதி குழைத்துப் பூசிப் பொட்டு வைப்போம். பந்தய எஞ்சின் சாமானும் நல்லபடி நிற்க வேண்டுமென்று ஐந்து ராடுகளையும் நான் பலகையில் வைத்தேன்.

“டேய் மாரி, ராடுக்கு நெத்தி எங்கடா இருக்கு?” என்றார் ராமையா அண்ணன்.

“பெரிய காதுப் பக்கந்தான் அண்ணே. அங்கதான பாரம் பூரா.”

அங்கேயே, போல்ட் தலை உட்காருகிற இடத்துக்குக் குறுக்கே, மூன்று விரலால் பட்டை பட்டையாகப் பூசினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. கற்பூரம் காட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம்.

காலையில் நான்தான் திறந்தேன். விபூதி காய்ந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. நான்கு ராடுகளில் சுத்தமான வெள்ளை. ஒன்றில் மட்டும், வெள்ளைக்குக் குறுக்கே, போல்ட் தலையின் மூலையிலிருந்து விரல் நகம் நீளத்துக்கு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. அது பாஸ் புகழ்ந்த ராட்.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் இரும்பில் வெடிப்பு இருந்து அதற்குள் மண்ணெண்ணெய் ஒளிந்திருந்தால்தான் இப்படி வெளியே வரும் என்று யோசிக்கப் படிப்புத் தேவையில்லை. ராமையா அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நன்றாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். பாஸ் காதால் கேட்டுத் தெரிந்தெடுத்ததை நீ விபூதியால் தப்பு என்று சொல்லப் போகிறாயா, துடைத்துவிட்டுச் சும்மா இரு, உனக்கு இந்த வேலையை விட்டால் வேறு யார் கொடுப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த எஞ்சினின் முதல் ஏற்றத்தில் பாஸோ நானோ பக்கத்தில் உட்காருவோம். பந்தயத்தன்று அந்தச் சின்ன தொரை தனியாக உட்காருவார். அதையும் யோசித்தேன்.

பாஸ் வந்ததும், “இத ஒரு தடவ பாருங்க பாஸ்” என்று நீட்டினேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். மூலையில் எண்ணெய் தங்கியிருக்கும், துடைத்தது போதாது என்றார். கோபமில்லை. இரண்டாவது தடவை செய்து பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குச் சரி என்றார். பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துணியால் அழுத்தித் துடைத்து, விபூதி பூசி ஜன்னலில் வைத்தேன். அன்றைக்கு வேறு வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை. பின்னேரம் கோடு வந்தது. அதே இடம், அதே நீளம்.

அந்த நேரம் பார்த்துச் சின்ன தொரையும் வந்து சேர்ந்தார். “என்ன மாரி, நம்ம ராடுக்கு சாமி வந்திருச்சா?” என்றார். பாஸ் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். மேல்தோல் கீறல் என்றால் ஒன்றுமில்லை. உள்ளே இறங்கிய வெடிப்பு என்றால் இது ஆளைக் கொல்லும். எது என்று தெரிய ஒரே வழி, உடைத்துப் பார்ப்பது. உடைத்த பின் அது நல்ல ராடாக இருந்தால், எட்டிலும் மிக நல்லதை நாமே கெடுத்தவர்கள் ஆவோம். சின்ன தொரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உன் வேலை, நீ முடிவு செய் என்று பாஸிடம் சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

பாஸ் ராடை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒடச்சு, நல்ல ராடா இருந்தா?”

“பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிர்றேன் பாஸ்.”

“நீ போறது லேசு தானே. எல்லா எடத்துலயும் போயிருக்கிற. ராட் எங்க இருந்து வரும்?”

அவர் நீளக் குழாய் ஒன்றை எடுத்து ராடின் மேல் மாட்டி, பிடியை என்னிடம் கொடுத்தார். “நீ ஒட.”

நல்ல இரும்பு என்றால் முதலில் வளையும். முறுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் அசையவில்லை. ராமையா அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. மூன்றாவது இழுப்பில், வளையவே இல்லை, காய்ந்த குச்சி மாதிரிப் ‘படக்’ என்று போனது. நான் குழாயோடு பின்னால் விழுந்தேன்.

எழுந்து வந்து பார்த்தபோது பாஸ் உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். புதிதாக உடைந்த பாகம் கட்டிச் சீனி மாதிரிப் பொடிப்பொடியாக மின்னியது. மூலையில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் வழவழப்பாக, கோப்பையில் பிடித்த தேத்தண்ணீர்க் கறை நிறத்தில் இருந்தது. அது இன்றைக்கு உடைந்தது இல்லை. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டு வந்தது. அந்த ராட் அப்படி உடைந்துகொண்டேதான் அவ்வளவு அழகாகப் பாடியிருக்கிறது.

பாஸ் இரண்டு துண்டையும் குனிந்து தரையில் வைத்தார். “நம்ம காதுக்கு வயசாச்சு தானே” என்று பொதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், “கடைக்குப் போய் விபூதி வாங்கிட்டு வா. நெறய.”

கடைவீதியில் செட்டியார் அத்தனை பொட்டலத்தையும் கட்டிக்கொண்டே, கருணாதாச பாஸ் எப்போது சைவத்துக்கு மாறினார் என்று கேட்டார். நல்லவேளை, மிச்ச நான்கு ராடுகளிலும் கிராங்கிலும் கோடு இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கராஜில் விபூதி பூசாமல் எந்த எஞ்சினும் மூடப்படவில்லை. கொழும்புப் பட்டறைகளில் இதே வேலையைச் சாக்பீஸ் தூளால் செய்கிறார்கள் என்று வெகுநாள் கழித்துக் கேள்விப்பட்டோம். பாஸ் அந்தத் தூளை வாங்கிப் பார்த்துவிட்டு, விபூதிதான் நைசு என்று சொல்லிவிட்டார்.

ஆனால் மிச்சமிருந்த நான்கில் ஒன்று அந்தக் கனமான ராட். இரண்டு சிட்டிகை தேயிலை எடையை அதிலிருந்து இறக்க வேண்டும்; இல்லையென்றால் எஞ்சின் உதறும். அந்த வேலையை பாஸ் எனக்குக் கொடுத்தார். ராடின் உடம்பில் அரத்தை நீளவாக்கில்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக்கூடாது, கடைசியில் எண்ணெயும் மணல்தாளும் போட்டுக் கண்ணாடி மாதிரித் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அராவினேன். எடை பார்ப்பேன், அராவுவேன், எடை பார்ப்பேன். தராசு நேராக நின்றபோது அரசாங்கப் பரீட்சையில் பாஸானவன் மாதிரி இருந்தது.

பிஸ்டன் கப்பலில் வந்து சேர்ந்தது தை மாதம் கழித்து. எஞ்சினை மூடியது மாசியில். தெரிந்தெடுத்தது யார் என்ற பேச்சு வந்தபோது பாஸ் என்னைக் காட்டினார். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோட்டில் சின்ன தொரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வளைவு வரை சும்மா போனார். பிறகு மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டியது. கல்லும் மரமும் பக்கத்தில் கோடாக ஓடின. எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினுக்குள் நான்கு ராடும் பிஸ்டனைப் பிடித்து இழுக்கிறது மட்டும் மனசில் தெரிந்தது. மேலே போய் நிறுத்தினார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். குளிரில் இரண்டு பேரும் ரோட்டோரக் கடையில் தேத்தண்ணீர் குடித்தோம். என் தேத்தண்ணீருக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அதே ரோட்டில் ஏற்றி ஏற்றிப் பழகினார்.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அவரைவிடப் பெரிய எஞ்சின்கள் இரண்டு இருந்தன. அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு பந்தயம், அதற்கும் போகிறேன் என்றார். எஞ்சினைத் திறந்து பார்த்த பிறகு போகலாம் என்று பாஸ் சொன்னார். நன்றாக ஓடுகிறதே, எதற்குத் திறக்க வேண்டும் என்று தொரைக்கு அலுப்பு. பாஸ் அசையவில்லை.

திறந்தோம். நான்கையும் ஊறவைத்து, துடைத்து, விபூதி பூசினேன். மறுநாள் காலை மூன்றில் வெள்ளை. நான்காவதில் உடம்பின் ஓரத்தில் ஒரு கோடு. நான் இரண்டு நாள் அராவிய ராட். வில்லை வைத்துப் பார்த்தேன். கோடு தொடங்குகிற இடத்தில், குறுக்கே, அரத்தின் ஒரே ஒரு பல் தடம். எப்போதோ கை வழுக்கிக் குறுக்கே ஓடியிருக்கிறது. நான் அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டிருக்கிறேன். இரும்பு அந்த இடத்தைத்தான் தெரிந்தெடுத்துக் கிழியத் தொடங்கியிருக்கிறது.

பாஸும் பார்த்தார். ராடை என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். சின்ன தொரை வந்தபோது, பாஸ் வாயைத் திறக்கும் முன் நானே போய்ச் சொன்னேன். அராவியது நான், கீறலை விட்டது நான், கொழும்புக்கு இதைப் போட்டு ஓட முடியாது, இன்னும் பத்து ஏற்றமோ இருபது ஏற்றமோ போயிருந்தால் பிய்ந்திருக்கும் என்றேன். போகச் சொன்னால் போய்விடுவதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் ராடை வாங்கி, கோட்டை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

“மாரி, அன்னைக்கி நானும் நீயும் நானுஓயா ரோட்ல போனது இது மேலதானா?”

“ஆமாங்க தொரை. இது மேலதான்.”

ராடை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொழும்புப் பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நல்லாத்தான் ஏறிச்சு” என்றார்.

பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அந்தக் கராஜில் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தேன்.